சூரியத் தகட்டுக்குப் போட்ட ஈரச் சாக்கு

வெயிலில் மின்சாரம் எடுக்கும் தகடு ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, அதை வெயில் படாமல் காப்பாற்றியவன் நான். முழுநாளும் அப்படிச் செய்யவில்லை. பகல் பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிவரைதான். மழைமாதங்களில் அதுவும் இல்லை. கூட்டியோ குறைத்தோ சொல்வது என் பழக்கமல்ல என்பதால் இதையும் அளவோடு சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வெல்லாவெளிக்கு உள்ளே, ஒரு குளத்தின் கீழிருந்த கிராமத்தில் குடியிருந்தோம். அதற்கு முன்பு வாவிக்கு மறுபக்கம், எழுவான்கரையில், என் மனைவியின் சீதன வீட்டில் இருந்தோம். அந்த வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் இருநூற்றுப் பத்து அடி தூரம். வீடு இருந்த காலத்தில் நான் அதை எண்ணியதில்லை. கடல் வந்துபோன ஏழாம் நாள், அத்திவாரம் மட்டும் மிஞ்சிய இடத்தில் நின்று, நடந்து நடந்து எண்ணினேன். என்ன செய்வதென்று தெரியாத நேரத்தில் நான் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன்.

கடலின் சத்தம் கேட்கும் இடத்தில் இனித் தனக்கு நித்திரை வராது என்று மனைவி சொன்னாள். எங்கள் பகுதியில் வீடும் அதைச் சுற்றியுள்ள வளவும் பெண்வழியில்தான் வரும். மனைவி எங்கே போகிறாளோ அங்கே கணவன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான். அவளுடைய தாய்வழி வளவொன்று படுவான்கரையில் கிடந்தது. அங்கே போனோம். பிறகு சண்டை அங்கும் வந்தது. சில மாதங்கள் கூடாரத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, கடலால் இடம்பெயர்ந்த குடும்பம் என்று எழுதிக்கொண்டு போனவர்கள், ஒரு சூரியத் தகடும், ஒரு பெரிய பற்றரியும், மூன்று மின்குமிழ்களும் தந்தார்கள். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், அப்படிப்பட்ட குடும்பம் நாங்கள் மட்டும். மின்கம்பிகள் நாலு கட்டைத் தூரத்துக்கு அப்பால் சந்தியோடு நின்றுவிட்டன. வளவு அவளுடைய பெயரில் இருந்ததால் கையெழுத்தும் அவளே வைத்தாள். எனக்கும் அவளுக்கும் வாக்குவாதம் வரும் நாட்களில் இதை நினைவுபடுத்துவாள். வீடும் தகடும் அவளுடையவை. என்னுடையது ஒரு கொப்பி.

அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து எழுதுவதும், காலை எட்டரை மணிக்கு மழைமானியை அளந்து எழுதுவதும் என் உத்தியோகம். அலுவலகப் பதிவேடு வேறு; என் சொந்தக் கொப்பி வேறு. சொந்தக் கொப்பியில் மழையோடு வீட்டு விஷயங்களையும் எழுதுவேன். தகடு வந்த நாளிலிருந்து அதற்கும் பத்திகள் கீறினேன். சுவரில் மாட்டிய சிறிய பெட்டியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்குகள் இருந்தன. பச்சை என்றால் பற்றரி நிறைந்திருக்கிறது. சிவப்பு என்றால் தீரப்போகிறது. அதற்கும் கீழே போனால் பெட்டி தானாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு என மூன்று வேளையும் என்ன நிறம் என்று குறித்தேன்.

தகட்டைக் கூரையில் பூட்ட வந்தவர் அரைமணி நேரம் விளக்கம் சொன்னார். நான் இலக்கமிட்டு எழுதினேன். ஒன்று, தூசு துடைக்க வேண்டும். இரண்டு, பற்றரியை வற்றவிடக் கூடாது. மூன்று, தகடு அளவுக்கு மேல் சூடாகக் கூடாது. மூன்றாவதைச் சொன்னபோது அவர் தகட்டின் அடிப்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். காற்றுப் போவதற்குக் கூரைக்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. நான் வசனத்தைச் சரியாக எழுதினேன். தட்டிக் காட்டியதை எழுதவில்லை.

வெக்கையான கச்சான் காற்று வீசத் தொடங்கியது. நண்பகலில் கிணற்றுக் கப்பிச் சங்கிலியைத் தொட்டால் கை சுடும். நான் ஏணி வைத்துக் குசினிக் கூரையில் ஏறித் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். கையை வைக்க முடியவில்லை. மூன்றாவது குறிப்பு நினைவுக்கு வந்தது. நெல்லுச் சாக்கொன்றைக் கிணற்றில் நனைத்துக்கொண்டு போய்ப் போர்த்தினேன். இரண்டு மணிக்கு எடுத்தேன். தகடு குளிர்ந்திருந்தது. எனக்கு மிகுந்த திருப்தி. கொப்பியில் 'சாக்கு' என்று ஒரு புதுப் பத்தி கீறினேன்.

காலையில் நான்கு மணிநேர வெயிலும் மாலையில் மூன்று மணிநேர வெயிலும் போதும் என்று கணக்கிட்டேன். மனதுக்குள் தகட்டை ஒரு குளமாகவும் என்னை அதன் மதகாகவும் வைத்திருந்தேன் போலிருக்கிறது. குளத்தில் எப்போதும் அதுதான் முறை: தேவைக்குத் திற, மிச்சத்தை மூடி வை, மூடியது எங்கும் போகாது.

இந்தச் சாக்கை ஒழுங்கையில் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் பிழை என்று சொல்லவில்லை. பக்கத்து வளவுக்காரர் என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். குளத்தின் கீழ் வயல் செய்கிறவர். மீசைக்குள் சிரித்துக்கொண்டே கேட்பார்.

"என்ன மச்சான், சூரியனுக்கும் முறை வச்சிட்டீங்களோ? இண்டைக்கு ஆருக்குத் தண்ணி?"

அவருக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது. ஆனால் கொப்பியில் எழுதி வைத்துச் செய்கிற மனிதனிடம் என்னவென்று கேட்பது என்று விட்டுவிட்டதாகப் பிறகு சொன்னார்.

முறை வைத்தது உண்மைதான். ஒழுங்கையில் இருந்த எட்டுக் கைத்தொலைபேசிகளுக்கும் எங்கள் வீட்டில்தான் மின்னேற்றம். வயலுக்குத் தண்ணீர் விடுவது போல ஆளுக்கு ஒரு நாள், ஒரு மணிநேரம் என்று பங்கிட்டேன். வீட்டுக்குள்ளும் விதிகள் இருந்தன. சமைக்கக் குசினி விளக்கு எரிந்தால் முன்விளக்கு அணைய வேண்டும். றேடியோ செய்திக்கு மட்டும். சாப்பிடும்போது விளக்கு வேண்டாம், வாய் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும் என்றேன்.

"வாய் தெரியும்," என்றாள் மனைவி. "மீன்முள்ளு எங்க கிடக்கெண்டு கைக்குத் தெரியுமோ?"

அந்த ஒரு விதியை மட்டும் விலக்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டுத் தொலைபேசி மற்ற ஏழு தொலைபேசிகளையும் போன்றதல்ல. மனைவிக்கு ஒரே ஒரு தம்பி. மேசன் வேலை. கடல் அடித்த ஊர்களில் எல்லாம் வீடு கட்டும் வேலை குவிந்திருந்த காலத்தில், வன்னிக் கரையோரத்துக்கு ஆறு மாத வேலையென்று போனான். சண்டையால் பாதை மூடப்பட்டது. அங்கேயே அகப்பட்டுவிட்டான். இடைக்கிடை யாருடைய தொலைபேசியிலிருந்தாவது அழைப்பு எடுப்பான். தைப்பொங்கல் முடிந்த கையோடு ஒரு தரம் எடுத்தான். இடம் மாறி மாறிப் போவதாகவும், எழுதி வைத்திருந்த நம்பர்கள் எல்லாம் தொலைந்துபோய்விட்டதாகவும் சொன்னான்.

"இந்த நம்பர் மட்டுந்தான் எனக்குப் பாடம், அக்கா. போனை நிப்பாட்டிப்போடாத."

அதற்குப் பிறகு மாசி, பங்குனி, சித்திரை. ஒரு சத்தமும் இல்லை.

எங்கள் வளவில் ஒரே ஓரிடத்தில்தான் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும்: கிணற்றடி வேப்பமரத்தின் தென்பக்கக் கிளை. ஒரு பொலித்தீன் பையில் போட்டு அதை அங்கே தொங்கவிட்டிருந்தோம். மனைவி தன் வேலைகளையெல்லாம் மெல்ல மெல்லக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். அரிசி புடைப்பது அங்கே, மீன் வெட்டுவது அங்கே, தலை வாருவதும் அங்கே. சந்திக் கடையில் இயந்திரம் வைத்து மின்னேற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அங்கே கொடுத்தால் தொலைபேசி அரைநாள் வீட்டில் இராது. அந்த அரைநாளில் அவன் எடுத்துவிட்டால் என்பது அவளுடைய பயம். ஆகவே எல்லாம் எங்கள் பற்றரியை நம்பி இருந்தது.

அந்தப் பற்றரி தை கழிந்து வெயில் வந்த பிறகும் தேறவில்லை. மழைமாதத்தில் மஞ்சள் எரிந்தது நியாயம். பங்குனியிலும் ஏன் மஞ்சள்? கொப்பியை ஆராய்ந்தேன். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இரண்டு கிழமைக்கு, அதாவது பதினான்கு நாளுக்கு, ஒரு தரம் நான் அறிக்கை கொடுக்க வாவி கடந்து பட்டணம் போவேன். பிள்ளைகள் இருவரும் அங்கே என் தங்கையின் வீட்டில் நின்று படித்தார்கள்; அதனால் இரண்டு நாள் தங்கித்தான் வருவேன். அப்படி நான் இல்லாத நாட்களிலெல்லாம் பெட்டியில் பச்சை எரிந்திருந்தது. மனைவிதான் பார்த்துச் சொல்வாள்.

வீட்டில் மின்சாரத்தை விழுங்குகிறவன் நானே என்ற முடிவுக்கு வந்தேன். மாலையில் கொப்பி எழுதுவதை விட்டுப் பகலில் எழுதினேன். என் பங்குக்கு வெளிச்சமே வேண்டாமென்று முற்றத்தில் இருந்தேன். பற்றரி தேறவில்லை. சாக்கின் மேல் எனக்குச் சந்தேகம் வரவே இல்லை. ஏனென்றால் சாக்குப் பத்தியில் எல்லா நாட்களுக்கும் சரி அடையாளம் இருந்தது. பட்டணத்திலிருந்து வந்து தோளில் கிடந்த பையை இறக்குமுன் மனைவியிடம் கேட்பேன், இரண்டு நாளும் சாக்குப் போட்டாயா என்று. "ஓம்" என்பாள். குறித்துக்கொள்வேன்.

வைகாசி வந்தது. வீதிச் சோதனைகள் கூடியதால் நான் நான்கு கிழமையாகப் பட்டணம் போகவில்லை. அறிக்கையைத் தபாலில் அனுப்பினேன். ஒருநாள், சண்டை முடிந்துவிட்டதாக றேடியோ சொன்னது. மிஞ்சியவர்களை முகாம்களுக்குக் கொண்டுபோவதாகவும் சொன்னது. யார் யார் என்று சொல்லவில்லை. அந்தக் கிழமை றேடியோவை அணைக்கும்படி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒழுங்கைக்காரர்களும் அவரவர் தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். முறை குலைந்தது. பெட்டியில் சிவப்பு எரிந்தது.

மற்ற ஏழு தொலைபேசிகளையும் திருப்பி அனுப்பினேன். எங்கள் தொலைபேசிக்கு மாலையில் ஒரு மணிநேரம் ஏற்றிப் பார்த்தேன். பழைய தொலைபேசி, சிக்னலைத் தேடித் தேடியே களைத்துவிடும். முதல் நாள் பகல் பதினொன்று நாற்பதுக்கு அணைந்தது. இரண்டாம் நாள் பன்னிரண்டு ஐந்துக்கு. மூன்றாம் நாள் பதினொன்று ஐம்பதுக்கு. மூன்று நேரங்களும் என் கையெழுத்தில் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு தரமும் மனைவி பையைக் கிளையிலிருந்து எடுத்து, பொத்தானை அமர்த்திப் பார்த்து, மறுபடியும் அதே கிளையில் தொங்கவிட்டாள். அணைந்த தொலைபேசியை ஏன் தொங்கவிடுகிறாய் என்று நான் கேட்கவில்லை.

நான்காம் நாள் பதினொரு மணிக்குச் சாக்கைப் போர்த்திவிட்டு இறங்கி வந்து, மாற்றுச் சாக்கைக் கிணற்றில் நனைத்துக்கொண்டிருந்தேன். அவள் மரத்தடியில் சும்மா இருந்தாள். அவள் கையில் வேலை இல்லாமல் இருந்ததை அதற்கு முன் நான் கண்ட நினைவில்லை. நான் கொப்பி எழுதுகிறவனின் குரலில், பட்டணம் போன நாட்களில் மட்டும் பச்சை எரிந்ததே, அந்த நாட்களில் எதைக் குறைத்துப் பாவித்தாய் என்று கேட்டேன்.

"ஒண்டையும் குறைக்கல்ல. நீங்க இல்லாத நாள் எல்லாத்தையும் எரிய விட்டன்."

பிறகு எப்படிப் பச்சை என்றேன்.

"எனக்கென்ன தெரியும். நீங்க சொன்னதெல்லாம் செஞ்சன். சாக்கு மட்டும் போடல்ல."

"எந்த நாள்?"

"ஒருநாளும் போடல்ல. அந்த ஏணியில ஏற எனக்குப் பயம். நீங்க கேக்கக்க ஓம் எண்டு சொன்னன். இந்தச் சாக்குப் போடாததால இப்ப என்ன குறைஞ்சு போச்சு?"

சண்டைக்கு வரும் தோரணையில்தான் கேட்டாள். கேள்வி முடியுமுன் எனக்கு விடை தெரிந்துவிட்டது. நனைந்த சாக்கு கையில் கனத்தது. நண்பகல் வெயில் முற்றம் முழுவதும் கொட்டிக் கிடந்தது. திறக்காத தண்ணீர் குளத்தில் நிற்கும். வாங்காத வெயில் எங்கே நிற்கிறது? தகட்டுக்கு நல்ல நேரமான மூன்று மணித்தியாலத்தைத்தான், ஒரு நாளும் தவறாமல், சாக்கால் மூடி வைத்திருக்கிறேன்.

நான் ஏணியில் ஏறிய வேகத்தில் ஒரு படி முறிந்தது. சாக்கை இழுத்து எறிந்தேன். கூரையில் நின்றபடியே பக்கத்து வளவுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்தார். பற்றரி நிறையும்வரை பொறுக்க முடியாது. தொலைபேசியை வீட்டுக்குள் வைத்து ஏற்றினால் சிக்னல் கிடைக்காது. ஆகவே தகட்டையே கிணற்றடிக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தோம். நான்கு திருகாணிகளையும் கழற்றி, தகட்டைப் பிள்ளையைத் தூக்குவது போல இருவருமாக இறக்கினோம். துணி துவைக்கும் கல்லில் சாய்த்து, சூரியனுக்கு நேரே முகத்தைத் திருப்பினோம். பெட்டியையும் பற்றரியையும் வேப்பமரத்தடிக்குத் தூக்கி வந்தோம். தொலைபேசி கிளையில் தொங்கியபடியே மின்னேறத் தொடங்கியது. பூட்ட வந்தவர் பார்த்திருந்தால் தலையில் கைவைத்திருப்பார்.

மச்சான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தகட்டைப் பார்த்தார். "இண்டைக்கு முழுத் தண்ணியும் உங்கட வயலுக்குத்தான்" என்றார். இந்தத் தரம் அவர் சிரிக்கவில்லை.

இரண்டு மணிக்குள் மஞ்சள் வந்தது. மாலை ஐந்து மணிக்குப் பச்சை. அன்றைக்கு ஓர் அழைப்பும் வரவில்லை.

அடுத்த நாள் பகல் பன்னிரண்டு பத்துக்குத் தொலைபேசி அடித்தது. மனைவி ஒரு தரம் மணி அடித்து முடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அவனுடைய குரல் எனக்கும் கேட்டது.

"அக்கா, நான் இருக்கன்."

அவள் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவசரமாகப் பேசினான். முகாமில் ஒருவரிடம் தொலைபேசி இருக்கிறது. மத்தியானத்தில் மட்டும், ஆளுக்கு ஒரு நிமிடம் தருவார். காலில் ஒரு காயம், ஆறி வருகிறது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"மூணு நாளா மத்தியானத்தில எடுத்துப் பாத்தன். ஏனக்கா போனை நிப்பாட்டின? நீங்களும் இல்லையோ எண்டு நினைச்சிட்டன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தகட்டுக்குப் பக்கத்தில், தூசு துடைக்கும் துணியோடு நின்றேன். என்ன சொன்னாலும் சரி, அது எனக்கு வேண்டியதுதான் என்று காத்திருந்தேன்.

"இஞ்ச மழை, தம்பி," என்றாள். "மூணு நாளா ஊத்தின ஊத்துல வெயிலே இல்ல. கரண்ட் ஏறல்ல."

அவனும் இந்த மண்ணில் பிறந்தவன்.

"வைகாசியிலயோ?"

"ஓம்," என்றாள்.

நிமிடம் முடிந்தது. வறண்டு வெடித்துக் கிடந்த முற்றத்தில் இருவரும் நின்றோம். அவள் தொலைபேசியைப் பையில் போட்டுக் கிளையில் தொங்கவிட்டு, அரிசிச் சுளகை எடுத்துக்கொண்டு வந்து இருந்தாள். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"உச்சிக்கு வந்திட்டுது," என்றாள், தகட்டைக் காட்டி. "கொஞ்சம் திருப்பி வைங்க."

தகட்டைத் திருப்பி வைத்தேன்.

அதன் பிறகு தகடு கூரைக்குப் போகவே இல்லை. கிணற்றடியில் இரண்டு கட்டைகள் நட்டு, அடியில் காற்றுப் போக இடம் விட்டு, அங்கேயே பூட்டினோம். சாக்கில் மனைவி மறுபடி நெல்லுப் போட்டாள். ஒழுங்கைத் தொலைபேசிகளுக்கு முறையை எடுத்துவிட்டேன்; மத்தியானத்தில் யாரும் வந்து ஏற்றலாம். கொப்பியில் சாக்குப் பத்தியைக் குறுக்காகக் கோடிட்டு வெட்டினேன். அதில் நான் போட்ட சரி அடையாளங்களில் ஏறக்குறைய ஏழில் ஒன்று பொய். அந்தப் பொய்கள் இருந்த நாட்களில்தான் எங்கள் வீட்டில் வெளிச்சம் இருந்தது. இதை எந்தப் பத்தியில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி பல மாதங்களுக்குப் பிறகு முகாமிலிருந்து வந்தான். மெலிந்து, ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தான். வந்த மறுநாள் மத்தியானம் கிணற்றடியில் குளித்துவிட்டு, நான் தகட்டுக்குத் தூசு துடைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான். மனைவி மரத்தடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தான், அந்த வைகாசி மழை பெரிய மழையோ?" என்று கேட்டான். "எத்தின அங்குலம் பெய்ததெண்டு உங்கட கொப்பியில இருக்குமே."

கத்திச் சத்தம் நின்றது. மழைமானி எங்கள் வீட்டிலிருந்து நாற்பது அடியில், குளக்கட்டின் மேல், வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றது. அந்த மூன்று நாட்களுக்கும் அலுவலகப் பதிவேட்டில் ஒரு பூச்சியம், என் கொப்பியில் ஒரு பூச்சியம் என ஆறு பூச்சியங்கள் இருந்தன. உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து, நாங்கள் கூடாரத்தில் கிடந்த மாதங்களும் நான் பட்டணம் போன நாட்களும் தவிர, ஒரு காலைகூட நான் அளக்காமல் விட்டதில்லை. அது அவனுக்கும் தெரியும்.

"பெரிய மழைதான்," என்றேன். "அந்த மூணு நாளும் நான் அளக்கல்ல."

கத்திச் சத்தம் மறுபடி கேட்டது. அவன் துவாயை உதறிக் கொடியில் போட்டான். நான் தகட்டின் மற்றப் பாதியைத் துடைத்தேன்.